திக்கு

பதினொரு வருடம் காற்றை நான் எழுதினேன்,
ஒஸ்வால்தோ வாசித்தான்.

புந்தா அரேனாஸ் துறைமுக வானிலை நிலையம்.
காலை ஆறரை, தொண்ணூறு நொடி.
வரைபடத்தில் கோடு இழுப்பது நான்.
அழுத்தம் இறங்குவதை முதலில் கண்டு
காப்பியை ஆறவிடுவது நான்.
ஜலசந்தியில் நிற்கும் படகுகளுக்கோ
காற்று என்றால் ஒஸ்வால்தோவின் குரல்.

எனக்கு வாய் திக்கும்.
எந்தச் சொல் என்பது நாளைப் பொறுத்தது,
மேற்கு மட்டும் தினமும்.
இந்த ஊரில் காற்றுக்குத் தெரிந்த ஒரே திக்கு அது.
கடைக்காரரிடம்
"மலைக்குப் பின்னாலிருந்து அடிக்கிறது" என்பேன்,
"வெயில் விழுகிற பக்கம்" என்பேன்.
ஒரு சொல்லைச் சுற்றிக்கொண்டு போக
எத்தனை சந்து உண்டோ அத்தனையும் அறிவேன்.

யெசெனியா ஒலிபரப்பியைப் பழுதுபார்க்க வந்தாள்.
என்னைவிடப் பதினேழு வயது சின்னவள்.
வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.
"நெவென்கா, நீ ஏன் வாசிப்பதில்லை?"
சொன்னேன். சொல்லி முடிக்க நேரமானது.
அதுவரை அவள் விதையை மெல்லவில்லை.

மறுநாள் ஒரு தாளை நீட்டினாள்.
ஒரு வாரத்துப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறாள்:
ஒஸ்வால்தோ தொண்டையைச் செருமுவது மூன்று நொடி,
காலை வணக்கம் நான்கு,
கால்பந்துக் கேலி ஒன்பது.
"உன் திக்கல் எவ்வளவு?"
கடிகாரம் வைத்து வாசித்தேன். பதிமூன்று.
"மூன்று நொடி மிச்சம். கொண்டுபோய்க் கேள்.
வாசிப்பவருக்கு மாதப்படி உண்டு, அதையும் கேள்.
நான் வாசல்வரை வருகிறேன்.
உள்ளே வந்தால் உனக்காக நானே பேசித் தொலைப்பேன்."

செவ்வாய் இரவுகளில் தொலைபேசியில் ஆறு பேர் கூடுவோம்.
கொன்செப்சியோனில் ஒரு வக்கீல், ஒரு ரொட்டிக்காரர்,
எல்லோரும் என்னைப் போல.
ஒரே விதி: ஒருவர் வாக்கியத்தை
இன்னொருவர் முடித்துவைக்கக் கூடாது.
தலைவரிடம் சொல்லப்போவதை ஐந்து முறை சொல்லிப் பார்த்தேன்.
"மன்னிப்பில் ஆரம்பிக்கிறாய்," என்றார் ரொட்டிக்காரர்,
"அதை எடு."

எடுத்தேன்.

"கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே?"
திரு. பராதிச் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இருக்கும்," என்றேன். "கொஞ்ச நாள்."

திங்கள், ஆறரை.
ஒஸ்வால்தோ நாற்காலியைக் காட்டினான்,
முகத்தைக் காட்டவில்லை.
காற்று நாற்பது நாட், மே
என்றதும் கதவு அடைத்துக்கொண்டது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.
ஜலசந்தியில் பத்தொன்பது படகுகள்,
ஒவ்வொன்றிலும் பேசுவதற்கு ஒரு பொத்தான்.
ஒருவரும் அழுத்தவில்லை.

மேற்கு.

அன்று யாரும் கரையை விட்டுப் போகவில்லை.
எனக்கு வந்த முதல் கடிதம் புகார்தான்,
கோப்பில் இருக்கிறது.

முதல் மாதம் படி வரவில்லை.
போய் நின்றேன்.
"ப..."
திரு. பராதிச் பேனாவைக் கீழே வைத்தார்.
என்ன சொல்லவருகிறேன் என்று அவருக்குத் தெரியும்.
எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார்.
நானும் அவசரப்படவில்லை.