கூடுதலாய் இரண்டு கண்ணி

பகாவ் பட்டணத்தில்
அடகுக்கடைக்கும் கடிகாரக் கடைக்கும்
ஒரே சுவர்.
இந்தப் பக்கம் இருபது வருஷமாய்ப் போகிறேன்.
அந்தப் பக்கம்
போன பங்குனியில்தான்.

கண்ணாடிக் கதவில் பித்தளைத் தகடு:
அதிகாரம் பெற்ற விற்பனையாளர்.
லோரி டயர்க் கடைக்கு எதிரே வந்து
சுவிஸ்காரன் அதிகாரம் கொடுத்தானா என்று
தம்பி சிரித்தான்.
பசார் மாலாமில் இதே சாமான்
முப்பத்தைந்து வெள்ளி,
முள்கூட ஓடும் என்றான்.
ஓடும்.
அவன் வாங்கித் தந்தது
தீபாவளிக்கு ஓடி
மாட்டுப்பொங்கலுக்குப் படுத்துக்கொண்டது.

அக்கா சொன்னாள்:
தங்கமாய் வாங்கு சொர்ணம்,
அவசரத்துக்கு வைக்கலாம்.
அதற்குப் பயந்துதான் அக்கா
தங்கமாய் வாங்கவில்லை.

கறுப்புக் கையுறை போட்ட பையன்
"அங்கிளுக்கா ஆன்ட்டி?" என்றான்.
எனக்கு, என்றேன்.
தட்டில் இருந்த எல்லாவற்றிலும்
மணி பத்து பத்து.
வெளியே மூன்று இருபது, மழை இருட்டு.
நான் கேட்டது கைவசம் இல்லை.
பெயர் எழுதிப் போனால் ஏழு மாதம்.

ஏன் இது, ஏன் இவ்வளவு விலையில் என்று
வீட்டில் கேட்காத ஆள் இல்லை.
அம்மாவோடு பிரட்டுக்கு ஓடிய காலத்தில்
கிராணி பென்சிலைக் காதில் செருகி
மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார்.
மூன்று நிமிஷம்.
அம்மாவுக்கு அரை நாள் போகும்.
அதற்காக நான் வாங்கவில்லை.
அதற்காகவும்தான்.

ஆலை வாசலில்
பதினோராவது லோரியாய் நிற்கும்போது
போன் வந்தது.
பின்னால் குலைகள் வியர்த்துக்கொண்டிருந்தன.
வெட்டிய பழம் ஒரு நாளைக்கு மேல் தாங்காது.
"மூன்று நாள் பிடித்து வைப்போம் ஆன்ட்டி."

பதினெட்டாயிரத்து அறுநூறு.
டீசல் வாசனையோடு கட்டுக் கட்டாய் வைத்தேன்.
எண்ணும் இயந்திரம் ஒரு ஐம்பதை மட்டும்
திரும்பத் திரும்பத் துப்பியது.
பையன் அதைக் கையால் நீவி
தன் சட்டைப்பையில் போட்டு
வேறொன்று வைத்தான்.

உத்தரவாத அட்டையில்
சொர்ணவள்ளி, மகள், முனிய
என்று அடித்து நின்றது.
அப்பாவின் பாதிக்கு இடமில்லை.

பெண்களுக்குக் கண்ணி கழற்ற வேண்டும் என்று
சின்னத் திருப்புளியை எடுத்து வைத்திருந்தான்.
மாட்டினான்.
கொக்கி எட்டவில்லை.
இன்னும் இழுத்தான்.
பத்து வருஷம் குலையைக் குத்தித் தூக்கிய கை,
ஸ்டியரிங் பிடித்த கை,
விரியத்தானே செய்யும்.
அவன் முகம்தான் சிவந்தது.
தவுக்கே உள்ளிருந்து வந்து
துணிக்கடை டேப்பால் அளந்தார்.
கோலாலம்பூரிலிருந்து இரண்டு கண்ணி வரணும்,
இரண்டு வாரம்,
காசு வேண்டாம் என்றார்.
இதுவரை யாரும் கழற்றத்தான் கேட்டார்கள்,
சேர்க்கக் கேட்டதில்லையாம்.

இரண்டு வாரம் கழித்து
டக் என்று பூட்டியது.
வெளியே வந்தேன்.
கால் பழக்கத்தில் பக்கத்துப் படியேறிவிட்டது.
கம்பிக்குப் பின்னாலிருந்து அடகுக்கடைக்காரர்
என் கையைப் பார்த்தார்.
"இதையும் எடுப்போம்லா.
பெட்டி, அட்டை பத்திரம்."
பாதி விலையையும் சொன்னார்.
தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

லோரியில் ஏறினால்
கையில் நாலு பத்து.
டாஷ்போர்டில் நாலு பதினாறு.
அது ஆறு நிமிஷம் வேகம்,
வாங்கிய நாளிலிருந்தே.
ஐந்துக்கு ஆலைக் கதவு மூடிவிடுவான்.

டாஷ்போர்டைப் பார்த்தே மிதித்தேன்.