மே நாட்

ஒன்பதாம் எண் அறைக்கு வெளியே
என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
கழுத்து அட்டையில் என் வேலை: மொழி உதவி.
வங்காளத்துக்கு மூன்று பேர், இந்திக்கு இரண்டு,
தமிழுக்கு நான்.
வேலூரில் தமிழுக்கு எதற்கம்மா ஆள் என்பவர்கள்
டாக்டர் லால்ரின்சங்கா பேசிக் கேட்டதில்லை.
மிசோரம்காரர். மெதுவாகத்தான் பேசுவார்,
வாக்கியத்தின் நடுவில் ஒரு சின்னச் சொல்லை
வலிக்காத ஊசிபோல் இறக்கிவிடுவார்.

சத்துவாச்சாரியில் செல்போன் கடை மாடியில்
இரண்டு மாதம் மாலை வகுப்பு போனேன்.
அந்தச் சின்னச் சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள்.
கேன் என்றால் முடியும்.
மஸ்ட் என்றால் வேண்டும்.
மே என்றால் அனுமதி; உதாரணம், சார் உள்ளே வரலாமா.
பக்கத்தைத் திருப்புவதற்குள் கரண்ட் போனது.
அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட்.

ஏகாம்பரம், வயது நாற்பத்தொன்று,
பேரணாம்பட்டுத் தோல்ஷாப்பில்
டிரம்மின் மேலிருந்து விழுந்தவர்.
ஸ்கேன் கவரை முந்தானைக்குள் மூடிப் பிடித்தபடி
பவுனம்மா நின்றாள்.
டாக்டர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
"ஹீ மே நாட் வாக்."
நான் சொன்னேன்:
இவர் நடக்கக் கூடாதாம்.

"எத்தினி நாளைக்கு?"
அதையும் ஆங்கிலமாக்கிக் கேட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீ கான்ட் சே."
சொல்ல முடியாதாம் என்றேன்.
அது மட்டும் சரியாகச் சொன்னேன்.

பத்தொன்பது நாள்
அவள் கட்டிலுக்குக் காவல் இருந்தாள்.
அவர் செருப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.
"நடக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாரு,
நீ பாட்டுக்கு எழுந்துகினு பூடாத"
என்று அசையாத காலை மிரட்டினாள்.
வார்டு முழுக்கச் சிரித்தது.
அவரும் சிரித்தார், இடுப்புவரை.

கேன்டீனில் பிசியோதெரபிப் பெண்
ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகத்தைப் பார்த்து
"இட் மே நாட் ரெய்ன்" என்றாள்.
என் கையில் டீ.
மழைக்கு யார் அனுமதி மறுப்பது?

டம்ளர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
கூடாது என்பது ஒரு கதவு,
போகலாம் என்பது இன்னொரு கதவு,
இரண்டுக்கும் ஒரே தாழ்ப்பாள்.
குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.
நம்மிடம் முடியும் என்றால் இயலும்;
முடியும் என்றால் தீர்ந்தும் போகும்.
வேண்டும் என்று முதலாளி சொன்னால் உத்தரவு,
அதையே மஞ்சள் துணியில் காசு முடிந்து சொன்னால்
வேறு சங்கதி.
பாலாற்றைப் பற்றி இந்த ஊரில் எவரும்
வரும் என்பதில்லை.
வரலாம்.

மாடியேறிப் போய்ச் சொன்னேன்:
அக்கா, அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்.
நடக்கக் கூடாதுன்னு இல்ல.
நடக்காமப் போகலாம்னு.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே
சுளை ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்தாள்.
"கூடாதுன்னு நீ சொன்னதாலதான்
இத்தினி நாளு தூங்கனேன்.
காலு இல்லாதவனப் பாத்து
ஓடாதன்னு எவனாச்சும் சொல்வானா?"
கடைசிச் சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள்.
"லாம்தானே சொன்னாரு?"
ஆமாம் என்றேன்.
"போலாம்னா, போகாமயும் இருக்கலாம் இல்ல?"

என் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.
அவள் குனிந்து பையைத் திறந்தாள்,
செருப்பை எடுத்துத் தூசி தட்டி
கட்டிலுக்குக் கீழே, நுனி வாசலைப் பார்க்க, வைத்தாள்.

மறுநாள் டாக்டர் கோப்பிலிருந்து தலை தூக்காமல்
"குட் யூ டெல் ஹர்?" என்றார்.
சொல்ல முடிந்ததா என்கிறாரா,
சொல்லிவிடுங்கள் என்கிறாரா?
"யெஸ் டாக்டர்" என்றேன்.
இரண்டுக்கும் பொருந்தும்.