நால்வருக்குப் போதும்

பொட்டலத்தின் முதுகில் எப்போதும்
நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
நானூறு கிராம் பயறு, ஒரு வெங்காயம், ஒரு கேரட்,
நாற்பது நிமிடம்.
நால்வருக்குப் போதும் என்கிறது பொடி எழுத்து.
வல்திவியாவில் என் வாடகை அறையில்
ஒரே ஒரு நாற்காலி.
அதிலும் ஒரு கால் ஆடும்.

நாலால் வகுத்தேன்.
பொறியியல் முதலாண்டு, வகுக்கத் தெரியும்.
கால் வெங்காயம். கால் கேரட்.
பூண்டுப் பல்லில் காலை அளந்து வெட்டும்போது
விரலிலும் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன்.
நேரத்தையும் நாலால் வகுத்ததுதான் தப்பு.
பத்து நிமிடத்தில் இறக்கிய பயறு
தட்டில் கூழாங்கல்லாய் உருண்டது.
தின்றேன்.
இரவெல்லாம் வயிறு பாடம் நடத்தியது.

என் ஊர் காலாமா, பாலைவனம்.
அங்கே மழை, தொலைக்காட்சியில் வரும் ஒரு சங்கதி.
அப்பா சாப்பிடுவது சுரங்க கேன்டீனில்,
அம்மா மருத்துவமனை கேன்டீனில்,
நான் பள்ளிக்கூடத்தில்.
அடுப்பு தேநீருக்கு மட்டும் எரியும்.
வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறாயா என்று
யாராவது கேட்டால்
ஐந்து பள்ளம் வைத்த அலுமினிய ட்ரே
கண்முன் வந்து நிற்கிறது.

ஜூன். ஒன்பதாம் நாளாக மழை.
முழுப் பொட்டலத்தையும் கொட்டுவது,
நாலு நாளும் அதையே தின்பது என்று முடிவு.
பழைய பொட்டலத்து மிச்சத்தையும்
சேர்த்துக் கொட்டினேன்.
ஒன்றை நசுக்கிப் பதம் பார்த்தேன். வெந்திருந்தது.
ஒன்றின் பதம் அந்த ஒன்றுக்கு மட்டும்தான்:
பக்கத்தில் கிடந்தது பல்லைப் பதம் பார்த்தது.
இன்னும் அரைமணி என்று நினைத்தபோது
நீலச் சுடர் எம்பி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.
சிலிண்டரை ஆட்டினேன்.
ஞாயிறு இரவு. கடை கிடையாது.

துண்டில் சுற்றிய சட்டியோடு இரண்டு தெரு.
குடை பிடிக்க மூன்றாவது கை இல்லை.
ஆற்றோர நடைபாதையில்
மல்லாந்து கிடந்த கடற்சிங்கம் ஒன்று
என்னைப் பார்த்து உறுமியது,
அல்லது பயற்றைப் பார்த்து.

ரயென் வீட்டில் விறகடுப்பு.
கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை,
மூடியைத் தூக்கி மோந்தாள்.
"உப்பு?"
போட்டேனே.
"எங்கே?"
எர்வின் எங்கிருந்தோ
காய்ந்த சாசேஜ் முனை ஒன்றைக் கொண்டுவந்து
கேட்காமலே உள்ளே போட்டான்.
மாடியிலிருந்து இறங்கி வந்த,
பெயர் தெரியாத ஒருத்தி
புகைபோட்ட மிளகாய்த்தூளைத் தூவினாள்,
அவளும் கேட்கவில்லை.
எனக்குக் கோபம், ஒளிப்பானேன்.
அது திங்கள், செவ்வாய், புதன்.
என் தேர்வு வாரம் முழுவதும்
அந்தச் சட்டிக்குள்தான் கிடந்தது.

"முந்தின இரவே ஊறப்போட வேண்டாமா?"
ரயென் வாய் நிறையக் கேட்டாள்.
பொட்டலத்தில் போடவில்லையே என்றேன்.
மூவரும் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம் தாமதமாக.
ரொட்டியால் எர்வின் சட்டியின் அடியை வழித்தபோது
கடிகாரம் பார்த்தேன்:
நாலு நாள், பதினெட்டு நிமிடத்தில்.

அறைக்குத் திரும்பி
ஈரச் சட்டையோடு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து
காலிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பேனா எடுத்து
நால்வருக்கு என்பதை அடித்தேன்.
மூவருக்கு, அதுவும் ரொட்டி இருந்தால்,
என்று திருத்தி எழுதினேன்.
ஆய்வகக் குறிப்பில் போல
தேதியும் கையெழுத்தும்.

கடைவாய்ப் பல் இடுக்கில்
வேகாத ஒன்று
இன்னும் அப்படியே இருந்தது.