சீட்டில் விழுந்த நாடு

இந்த மண்டபத்தில் 'நான்' என்று சொல்லக் கூடாது.
சொன்னால் தலைவர் மேசையிலிருந்து
ஒரு பென்சில் இரண்டு முறை தட்டும்.
'சிலியின் பிரதிநிதி கருதுகிறார்'
என்றுதான் பேச வேண்டும்.

லா பாஸ் நகரத்துப் பள்ளியொன்றின்
உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
சிலியாக உட்கார்ந்திருக்கிறேன்,
பொலிவியாக்காரி.
தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டு;
வகுப்பே சிரித்தது.
நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால்
போரில் எங்கள் கடற்கரையை எடுத்துக்கொண்ட நாடு
என் மடியில் வந்து விழுந்தது.

கோட்டு அக்காவுடையது.
வங்கிக்குப் போட்டுக்கொண்டு போவாள்,
திங்கட்கிழமை கறையில்லாமல் திரும்ப வேண்டும்.
அதனால் இடைவேளையில்
சாறு ஒழுகும் சால்டேன்யாவை
கையை நீட்டி, உடம்பைப் பின்னுக்கு இழுத்து,
யாரோ ஒருத்திக்கு ஊட்டுவதுபோலத் தின்றேன்.

எதிரே பொலிவியா:
கயெதானோ உரியோஸ்தே, தெற்குப் பகுதிப் பையன்.
நெஞ்சில் கைவைத்துப் பேசுகிறான்.
மார்ச் மாதம் வந்தால் காகிதத் தொப்பி போட்டு
நாங்கள் எல்லோரும் நடக்கிற ஊர்வலம்,
ஏரியில் காத்திருக்கும் கடற்படை,
பிள்ளைகள் நீல நிறத்தை எங்கே தீட்டுவார்கள், என்றான்.
நல்ல வரி. எனக்கே தொண்டை அடைத்தது.
சிலிக்கு அடைக்கக் கூடாது.

நேற்றிரவு அப்பாவைக் கூப்பிட்டிருந்தேன்,
உரைக்குக் குறிப்பு வேண்டி.
அரிக்கா துறைமுகம் எப்படியிருக்கும்?
'கிரேன். வேலி. மூன்று முத்திரை.'
கடல்?
'வேலிக்கு அந்தப் பக்கம்.'
இப்போது எங்கே?
'எல்லையில். மூன்றாவது நாள்.
முன்னால் இன்னும் நானூறு லாரி இருக்கும்.
டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டேன்,
கண்ணாடிக்கு உள்பக்கமும் பனி.'

என் முறை வந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்காம் ஆண்டின் ஒப்பந்தப்படி
பொலிவியச் சரக்குக்கு
எங்கள் துறைமுகங்களில் எந்தத் தடையும் இல்லை
என்றார் சிலியின் பிரதிநிதி.
குரல் நடுங்கவில்லை.
கை தட்டினார்கள், நார்வேகூட.

உட்கார்ந்ததும் ஒரு சீட்டு எழுதினேன்:
'எல்லையில் லாரிகள் எத்தனை நாள் நிற்கின்றன
என்று சிலியைக் கேள்.'
சீட்டுத் தூக்குகிற சின்னப் பையனின் காலணி
தரை முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.
கயெதானோ படித்தான்.
என்னைப் பார்த்தான். நாலாக மடித்தான்.
எழுந்து, வரலாற்றின் மனசாட்சியைப் பற்றிக் கேட்டான்.

பதில் சீட்டு வந்தது:
'உன் வலையில் விழ மாட்டேன்.
மற்றபடி, அரிக்காவில் தண்ணீர் ஐஸ்போல் இருக்கும்,
கால் மரத்துவிடும்.
ஜனவரியில் குடும்பத்தோடு போவோம்.
நீ எந்தக் கடற்கரைக்குப் போவாய்?'

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன்.
'சிலியிடம் கடற்கரை நிறைய இருக்கிறது'
என்று எழுதி அனுப்பினேன்.

தீர்மானம் தோற்றது.
சிறந்த பிரதிநிதிக்கான சான்றிதழில்
யோசெலின் கோல்கே என்ற பெயரில்
ஓர் எழுத்து தப்பு.

கேபிள் காரில் எல் ஆல்ட்டோவுக்கு ஏறும்போது
எதிரில் ஒரு பெண்
மடியில் வெங்காய மூட்டையோடு உறங்கிக்கொண்டிருந்தாள்.
போன் அடித்தது.
'ஆறு லாரி நகர்ந்தது' என்றார் அப்பா.
'ஜெயித்தாயா?'
ஜெயித்தேன்.
'எந்த நாடு?'
நேற்று இதைச் சொல்லியிருக்கவில்லை.
இப்போது சொன்னேன்.

அந்தப் பக்கம் காற்று மட்டும்.
யாரோ தூரத்தில் ஹாரன் அடித்தார்கள்.
பிறகு சிரித்தார், இருமலும் சேர்ந்து வந்தது:
'அப்படியென்றால்
அந்த மூன்றாவது முத்திரையையாவது எடுக்கச் சொல்.'

சிலியின் பிரதிநிதி பரிசீலிப்பார், என்றேன்.

கோட்டின் கைமடிப்பில்,
விளக்கு வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிகிறது,
ஒரு துளி.