உப்பு நிற்காத பிள்ளை

எட்டாம் நாள் இரவு தொலைபேசி வந்தது.
குதிகாலில் குத்தி
அட்டையின் ஐந்து வட்டங்களில் நான் காயவைத்த ரத்தம்
அஞ்சல் விமானம் ஏறிப் போய்
யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.
'பிள்ளை எப்படி இருக்கிறான்?'
ஆங்கரேஜிலிருந்து மருத்துவர்.
'தூங்கிக்கொண்டிருப்பான்' என்றேன்.
'போய் எழுப்பிப் பாருங்கள்.'

குஸ்கோக்விம் கல்லாக இறுகிக் கிடந்தது.
ஆற்றின் முதுகில் ஏழு நிமிடம்
பனிவண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.
'சமர்த்து. அழுவதே இல்லை' என்றாள் ஒலிங்கா,
பெருமையாகத்தான்.
தராசு வேறு கதை சொன்னது.
பிறந்த எடையில் முந்நூறு கிராம் காணவில்லை.
கன்னத்தைக் கிள்ளினேன்.
வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளியதுபோல
நிகிஃபோர் மெதுவாக முகம் சுளித்தான்.

சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் ஒரு சுரப்பி.
அதற்குள் ஒரு நொதி குறைவு, அவ்வளவுதான்.
உடம்பில் உப்பு நிற்காது.
ஈரத்துணி ஒவ்வொன்றோடும்
கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.
பெண்ணாக இருந்தால் பிறந்த அன்றே
உடம்பைப் பார்த்து யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.
ஆண் பிள்ளைகள் ஒரு குறையும் காட்டுவதில்லை.
இரண்டு வாரம் விருந்தாளிபோல் இருந்துவிட்டு
சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்.

பெத்தேலில் விமானம் இருந்தது.
விமானியும் இருந்தார்.
வானம்தான் இல்லை.

மருத்துவமனை என்றால் இங்கே இரண்டு அறை,
ஒரு நான்.
மருத்துவரின் குரலை மேசைமேல் வைத்துவிட்டு
அவர் சொல்லச் சொல்லச் செய்தேன்.
ஹைட்ரோகார்ட்டிசோன், தொடையில்.
தொடை என்று சொல்லவும் சதை வேண்டுமே.
மூன்றாம் முயற்சியில் நரம்பு கிடைத்தது.
உப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது,
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
ஒரு முழு வாக்கியம் ஜெபிக்கலாம்.

'உப்பா?' என்றான் எவோன்.
'வெறும் உப்புதானா?'
ஜூன் மாதத்து மீனை வாளி வாளியாக
உப்பில் புதைத்து வைத்திருப்பவன்.
கூடத்தில் ஒரு மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது.
'உப்பு இருக்கிறது. பிடித்துவைக்கிற கை இல்லை.'
அதற்குமேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால்
முழங்கால் உயரத்தில் சில சிலுவைகள்.
மூன்று குறுக்குக்கட்டை, வெள்ளைச் சாயம்.
இடமிருந்து நான்காவது என்னுடையவன்.
பதினோரு நாள்.
அந்த வருடம் இந்த அட்டை இல்லை, இந்தச் சோதனை இல்லை.
பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினார்கள்.
முப்பத்தொரு வருடமாக
என் பாலையே சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன்.
அவனும் சமர்த்து.
அவனும் அழவே இல்லை.
ரத்தம் எடுக்காதவனைப் பற்றி
இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.
மருத்துவரிடம் கேட்கவுமில்லை.
கேட்க வாய் திறந்தபோது
'சொட்டின் வேகத்தைப் பாருங்கள்' என்றார்.
பார்த்தேன்.

நாலரைக்கு நிகிஃபோர் அழுதான்.
அழுகையா அது, ரம்பம்.
ஒலிங்கா பயந்துபோய் எழுந்தாள்.
எவோன் வெளியே போய்
மூடியிருந்த வானத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.
பகல் பத்து மணிக்கு அது திறந்தது.

பிறகு எல்லாம் கணக்கு.
மாத்திரையை உடைத்து, பொடித்து, நாளுக்கு மூன்று வேளை.
உப்பைத் தனியாக அளந்து பாலில்.
காய்ச்சல் வந்தால் மும்மடங்கு.
வாந்தி எடுத்தால் யோசிக்காதே, ஊசி.
ஒலிங்கா அதை மாவு டப்பாவின்மேல் எழுதி ஒட்டினாள்.
எவோன் வேட்டைக்குப் போகும் பையிலும் ஒரு பிரதி.
எங்கள் ஊரில் உப்பு இல்லை என்றுதான்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்;
இப்போது அவர்கள் வீட்டில் மாத்திரை இருக்கிறதா என்று
ஊரே கேட்டுவிட்டுப் போகிறது.

இரண்டு வயது அவனுக்கு.
மாதம் ஒருமுறை எடை பார்க்க வருகிறான்.
தராசில் நிற்கமாட்டான்.
காய்ந்த மீன் துண்டொன்றை நக்கியே தேய்த்துவிட்டான்.
நேற்று ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றக் குனிந்தபோது
என் கையைப் பிடித்திழுத்து
மணிக்கட்டை நக்கிப் பார்த்தான்.
கொஞ்சம் யோசித்தான்.
மறுபடி நக்கினான்.