கள உத்தியோகத்தர் வாசித்தவை

இந்த மாதம் இரண்டு புத்தகம்.

முதலாவது நாவல்.
நெல்லியடியில் மழைக்கு ஒதுங்கின கடையில்
கழிவு விலைக்கு வாங்கினது.
முதல் அத்தியாயத்திலேயே
நாயகி ஆற்றங்கரையில் நின்று அழுகிறாள்.
எங்கட குடாநாட்டில் எந்த ஆறு?
வழுக்கியாறென்றால்
மாரியில் கொஞ்சநாள் ஓடும்,
பிறகு மாடு மேயும்.
எழுதினவர் சித்திரை மாதத்தில்
அதில் தோணி விட்டிருக்கிறார்.

சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன்,
எண்பத்தாறாம் பக்கம் வரை.
அங்கே
கிணற்றுக்கட்டில் அவள் தொட்ட வாளியை
வீட்டுக்காரி மூன்று தரம் கழுவுகிறாள்,
ஒன்றும் சொல்லாமல்.
தோணியை மன்னித்துவிட்டேன்.

எங்கள் வளவிலும் ஒரு வாளி தனியாக இருந்தது.
நீலம். பிடியில் கம்பி சுற்றினது.
சீவல்காரர் வந்தால் அதில்தான் தண்ணீர்.
ஏனென்று நான் கேட்டதில்லை.
நல்ல பிள்ளை என்றார்கள்.

இரண்டாவது கதையில்லை, ஆய்வு.
சாம்பல் அட்டை, பொடி எழுத்து.
கந்தோரில் கஜரூபி தந்தவள்,
"உங்களைப் பற்றியும் எழுதியிருக்கு" என்று.
பகிடி என்று நினைத்தேன்.
நுண்கடன், குழுப்பிணை, வட்டி வீதம்,
அடகில் போன தோடு,
ஒரு கடனை அடைக்க எடுத்த இன்னொரு கடன்.
அட்டவணை பதினாலில் ஒரு வரி:
‘கள உத்தியோகத்தர் பணம் கிடைக்கும்வரை
வீட்டு முற்றத்தில் காத்திருந்தார்.
நூற்றுக்கு அறுபத்தொன்று.’

வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த அறுபத்தொன்றில் இருப்பேன்.
கரவெட்டி, துன்னாலை, அல்வாய்.
மோட்டார் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
பிளாஸ்டிக் கதிரையில்.
அவர்கள் பிளேன்ரீ தருவார்கள், குடிப்பேன்.
பக்கத்து வீட்டுக்குக் கடன்கேட்டுப் போய் வருவார்கள்,
பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.
அதை என் குணமென்று வைத்திருந்தேன்.
அட்டவணையில்
சத்தம் போடாதவருக்குத் தனி நிரல் இல்லை.

போன வெள்ளி துன்னாலையில்
பற்றுச்சீட்டுக் கொப்பி எடுக்கையில்
பையிலிருந்து புத்தகமும் விழுந்தது.
தவமலரக்கா தூக்கித் தூசி தட்டித் தந்தார்.
"என்ன புத்தகம் தம்பி?"
"கதைப் புத்தகம்."
"முடிவு நல்லதோ?"
"இன்னும் வாசிச்சு முடியேல்லை."
இரண்டு தரம் முடித்திருந்தேன்.

இருநூறு குறைந்தது.
அடுத்த கிழமை சேர்த்துத் தாறன் என்றார்.
ஓம் என்றுவிட்டு
என் காசில் இருநூறு போட்டு நிரப்பினேன்.
பெரிய காரியமில்லை.
அவருக்கு இன்னும் முப்பத்தொரு தவணை இருக்கிறது.

இரவு நாவலைத் திரும்பவும் எடுத்தேன்,
எண்பத்தாறாம் பக்கம்.
வாளி கழுவுகிறவளுக்கு
எழுத்தாளர் பெயர் வைக்கவில்லை என்பதை
இப்போதுதான் கண்டேன்.

ஆய்வில் இன்னும் இரண்டு எழுத்துப் பிழை உண்டு.
கஜரூபி எப்படியென்று கேட்டாள்.
அதை மட்டும் சொன்னேன்.
புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை,
பதினாலாம் அட்டவணை முழுக்க
என் கொப்பியின் கார்பன் மை
நீலமாய் ஒட்டியிருக்கிறது.