முப்பது கரண்டி

டப்பா இரண்டாயிரத்து நானூறு.
ஆளுக்கு எண்ணூறு போட்டோம்,
நானும் ரிஸ்வானாவும் நாகவல்லியும்.
முப்பது கரண்டி, தலைக்குப் பத்து.
மாவட்டப் போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

லூசின், ஐசோலூசின், வேலின்:
டப்பாவின் முதுகில் மூன்று பெயர்,
ஒரே ரேஷன் கார்டில் இருக்கிற ஆட்கள் மாதிரி.
முதல் பெயருக்கு மட்டும் இரண்டு பங்கு.
எந்த வீட்டிலும் அப்படி ஒருத்தர் உண்டு.
தர்பூசணி ருசி என்று போட்டிருக்கிறது.
தர்பூசணிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்ளும்.

கடல்காற்றில் பவுடர் கட்டிதட்டும்,
காசிமேட்டில் உப்புக்கே அந்தக் கதிதான்.
ரிஸ்வானா துணியில் அரிசி முடிந்து உள்ளே போட்டாள்.
நாகவல்லி டப்பாவை டியூப்லைட்டில் பிடித்து
பவுடர் நிற்கிற மட்டத்தில்
நீலப் பேனாவால் கோடு கிழித்துத் தேதி எழுதினாள்.
"உன்னிய நம்பாம இல்லடி" என்றாள்,
கோடு போட்ட பிறகு.

பீரோ மேல், சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நாலாம் நாள்
எங்கள் கரண்டிகளைக் கழித்தும் இரண்டு விரல் குறைந்தது.
குலுங்கி அடங்கியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பவுடர் அடங்கும்தான்.
இரண்டு விரல் அடங்காது.

ராத்திரி இரண்டரைக்கு
டம்ளரில் ஸ்பூன் மோதுகிற சத்தம்.
தெருவிளக்கு வெளிச்சத்தில் என் அண்ணன் சகாயம்
நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தான்.
அடியில் தங்கியதை விரலால் வழித்தான்.
நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவன் கேட்டான்:
"நீ எவ்ளோ தூக்குற?"
"எழுவத்திரண்டு."
"எத்தினி வாட்டி?"
"ஒரு வாட்டி. தலைக்கு மேல. மூணு சான்ஸ் தருவாங்க."
"அவ்ளோதானா?" என்றான்.
கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்.

ஐஸ் பார் ஒன்று ஐம்பது கிலோ.
ராத்திரிக்குத் தொண்ணூறு பார்.
கணக்குப் போடாமல் இருக்கத்தான் பார்த்தேன்.
நாலரை டன்.
அதற்கு வெள்ளை விளக்கு எரியவிட
மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை.

பயிற்சிக்கு முன் ஒன்று, பின் ஒன்று
என்கிறது டப்பா.
அவனுக்கு ஏது பின்?
இந்த லாரிக்கு முன்,
அப்புறம் அடுத்த லாரிக்கு முன்.

"வலி கொறைஞ்சிதா?"
"எங்க... தோளு அப்டியேதான் கீது.
டேஸ்ட்டு ஷோக்கா கீது."
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

தேங்காயெண்ணெய் தொட்டுக் கோட்டை அழித்தேன்.
கீழே புதுக் கோடு, அதே தேதி,
நாகவல்லி போடுகிற மாதிரி
ஏழுக்கு நடுவில் சின்னக் குறுக்குக் கோடு.
அவன் குடித்ததை என் பங்கில் கழித்தேன்.
அடுத்த நாள் ஷேக்கரில் வெறும் தண்ணீரைக்
குலுக்கிக் குலுக்கிக் குடித்தேன்.
அன்றைக்கும் எழுபத்திரண்டு
ஒழுங்காகத்தான் மேலே போனது.

ரிஸ்வானா டப்பாவை ஒரு கையால் தூக்கினாள்.
நாளெல்லாம் எடை தூக்குகிறவளுக்கு
எடை தெரியாதா?
என்னைப் பார்த்தாள்.
கோட்டைப் பார்த்தாள்.
பிறகு மூடியைத் திறந்து
அரிசி முடிச்சை வெளியே எடுத்து
அவிழ்த்து
புதிதாகக் கட்டினாள்.